வாசல் வரை மணக்கும் ரசம்: கொத்தமல்லியை எப்போது போட வேண்டும், ஏன்?

"வாசல் வரை மணக்கிறதே!" என்று வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னால் சமைத்தவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். எனக்கும் பல வருடங்கள் அப்படித்தான் குளிர்ந்தது. பிறகு ஒருநாள் தோன்றியது: வாசல் வரை வந்த மணம் எங்கிருந்து வந்தது? ரசப் பாத்திரத்திலிருந்து. அப்படியானால் பாத்திரத்தில் அவ்வளவு குறைந்துவிட்டது என்றுதானே பொருள்?

கொத்தமல்லியைக் கடைசியில் போடு, கறிவேப்பிலையை எண்ணெயில் போடு, வெள்ளரியைச் சாப்பிடும் நேரத்தில் நறுக்கு என்று ஆளுக்கொரு விதி சொல்வார்கள். காரணம் கேட்டால், "சத்து போய்விடும்" என்ற பொதுவான பதில் வரும். இந்த விதிகளில் பெரும்பாலானவை மணத்தைக் காப்பதற்காகப் பிறந்தவை. சத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பு குறைவு. இலைக்குள் மணம் எங்கே இருக்கிறது, எப்படித் தப்பித்துப் போகிறது என்று தெரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கோடையில் இது காசு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. கொத்தமல்லி குளிர்ச்சியை விரும்பும் செடி. வெயில் ஏறினால் இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு பூக்கப் போய்விடும். மார்கழியில் காய்கறிக்காரர் கொசுறாகக் கொடுத்த கட்டு, சித்திரையில் பாதியாக இளைத்து, தனி விலையோடு வந்து நிற்கும். காசு கொடுத்து வாங்கியதைக் காற்றுக்குத் தாரை வார்ப்பானேன்?

நாக்குக்கு ஒரு பங்கு, மூக்குக்கு ஒரு பங்கு

ஜலதோஷம் பிடித்த நாளில் சாப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் சுள்ளென்று ஏறும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் வாயில் இருப்பது சாம்பாரா வற்றல் குழம்பா என்று சொல்வது கஷ்டம். நாக்கு பழுதாகவில்லை. மூக்கு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மென்று விழுங்கும்போது வாயிலிருந்து காற்று தொண்டையின் பின்வழியாக மூக்குக்குள் ஏறுகிறது. நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பின்வாசல் வழியாக வரும் மணம். சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு நாலைந்து சீரகத்தை மெல்லுங்கள். மரத்தூளை மெல்வது போல இருக்கும், லேசாகக் கசக்கும். இப்போது விரலை எடுங்கள். அந்த நொடியில்தான் சீரகம் சீரகமாகும்.

அறுசுவை என்று நாம் எண்ணுகிற ஆறும் வாயோடு முடிந்துவிடுபவை. அவற்றைத் தரும் பொருட்கள் காற்றில் பறக்காதவை. வேப்பம்பூவைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் மரத்தடியில் துணி விரித்து, உதிர்ந்த பூவைச் சேர்த்து, காயவைத்து டப்பாவில் அடைத்தால் அடுத்த சித்திரை வரை வரும். மரத்தில் இருந்தபோது வீசிய தேன் போன்ற வாசம் போயிருக்கும். கசப்பு அப்படியே இருக்கும், ரசத்துக்கு நமக்கு வேண்டியதும் அதுதான். சுண்டை வற்றலும் மணத்தக்காளி வற்றலும் இதே கணக்கு. மாங்காயை உப்பிட்டுக் காயவைத்தாலும் புளிப்பு எங்கும் போகாது. ஆனால் ஒரு கட்டுக் கொத்தமல்லியைக் காயவைத்துப் பாருங்கள். கிடைப்பது வைக்கோல்.

ஆக, சுவை தங்கும், மணம் பறக்கும். கோடைச் சமையலில் நாம் காப்பாற்ற வேண்டியது இரண்டாவதை.

கற்பூர டப்பா

பூஜை அலமாரியில் கற்பூர டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் வில்லைகள் நாளுக்கு நாள் இளைத்துவிடும். யாரும் கொளுத்தவில்லை, கொதிக்கவைக்கவும் இல்லை. அறைச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்துவிட்டது. இப்படிப்பட்டதை 'எளிதில் ஆவியாகும் பொருள்' என்கிறார்கள். ஒன்று மணக்க வேண்டுமானால் அதன் துகள்கள் பறந்து மூக்குக்கு வந்தாக வேண்டும். பறக்காதது மணக்காது. உப்புக்கும் சர்க்கரைக்கும் மணம் இல்லாததன் காரணம் இதுவே.

இலைகளில் இந்தப் பொருட்கள் கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாகச் சேர்ந்திருக்கின்றன. அந்தத் துளிகளின் கலவைக்கு 'வாசனை எண்ணெய்' என்று பெயர். பெயரில்தான் எண்ணெய், நல்லெண்ணெய் போலப் பிசுக்காகத் தங்காது. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு வைத்தால் சற்று நேரத்தில் பறந்துவிடும்.

இந்த இடத்தில் வேதியியல் படித்த பிள்ளைகள் மடக்குவார்கள். வாசனை எண்ணெய்ப் பொருட்கள் பலவற்றின் கொதிநிலை 100 டிகிரிக்கு வெகு மேலே. ரசம் 100 டிகிரியைத் தாண்டப் போவதில்லை. பிறகு எப்படி மணம் போகும் என்பார்கள். நல்ல கேள்வி. பதில், நீராவி. கொதிக்கும் தண்ணீரிலிருந்து எழும் ஆவி, பக்கத்தில் இருக்கும் வாசனை எண்ணெயையும் கைபிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பும். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி வட்டாரத்து விவசாயிகள் புதினா எண்ணெய் எடுப்பது இந்த வழியில்தான். அறுத்த செடியைப் பெரிய தொட்டியில் அடைத்து, அதன் ஊடாக நீராவியை ஏற்றி, வெளியே வரும் ஆவியைக் குழாயில் குளிரவைத்தால் தண்ணீருக்கு மேல் எண்ணெய் மிதக்கும். கொத்தமல்லியைப் போட்டு ரசத்தைப் பத்து நிமிடம் கொதிக்கவிடுவதும் அதே ஆலைதான். குளிரவைக்கும் குழாய் மட்டும் இல்லை, எடுத்த எண்ணெய் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறது.

"ரசம் நுரைத்து வரும்போது இறக்கிவிடு, கொதிக்கவிடாதே" என்று பெரியவர்கள் சொன்னதன் உட்பொருள் இதுதான். மிளகு, சீரகம், பெருங்காயம், மல்லி நான்குமே ஆவியோடு ஓடக்கூடியவை. அடுப்பை அணைத்த பிறகு மல்லியைத் தூவி உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திருப்பி, உள்பக்கம் கோத்திருக்கும் துளிகளை விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். தெளிந்த தண்ணீர் போல இருக்கும், மல்லி வாசம் அடிக்கும். மூடாமல் விட்டிருந்தால் அந்தத் துளிகள் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் இப்போதெல்லாம் அந்த மூடியை ரசத்திலேயே தட்டிவிட்டுத்தான் எடுக்கிறேன்.

இலைக்குள் எங்கே இருக்கிறது?

எல்லா இலையும் மணத்தை ஒரே இடத்தில் வைத்திருப்பதில்லை. சமையலில் ஒவ்வொன்றுக்கும் தனி நடைமுறை வந்தது இதனால்தான்.

புதினா தன் வாசனை எண்ணெயை இலையின் மேற்பரப்பிலேயே சின்னஞ்சிறு பைகளில் வைத்திருக்கிறது. லென்ஸ் வைத்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் மினுங்கும் புள்ளிகளாகத் தெரியும். செடியின் மீது கை பட்டாலே மணப்பதன் காரணம் இது, பை உடைந்துவிடுகிறது. துளசியும் கற்பூரவல்லியும் இதே குடும்பம், இதே ஏற்பாடு. ஆகவே புதினாவுக்குக் கத்தி தேவையில்லை. உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் எலுமிச்சைச் சாற்றுக்குப் போதும். பைகள் உடையாத வரை எண்ணெய் உள்ளே பத்திரமாக இருப்பதால் நிழலில் காயவைத்த புதினாவில் ஓரளவு மணம் மிஞ்சும்.

கறிவேப்பிலை வேறு மாதிரி. அது எலுமிச்சை, நாரத்தையின் சொந்தக்காரர். இந்தக் குடும்பத்து இலைகளில் எண்ணெய்ப் பைகள் இலையின் தசைக்குள்ளேயே புதைந்திருக்கும். எலுமிச்சை இலை ஒன்றைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தியது போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவைதான் பைகள். கறிவேப்பிலையிலும் உண்டு. பை புதைந்திருப்பதால் தொட்டால் மணம் வராது. கிள்ள வேண்டும், நசுக்க வேண்டும், அல்லது சூடான எண்ணெயில் போட வேண்டும். நாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும் நரம்பு நீக்கி, மிளகாய், ஓமம், உப்பு, புளியோடு இடித்து உருட்டும் வேப்பிலைக்கட்டி இந்தப் பைகளை உடைத்துச் செய்த பண்டம்தான். அதில் வேப்பிலை கிடையாது. பெயர் வைத்தவருக்கு என்ன கோபமோ.

கொத்தமல்லியில் எண்ணெய் ஓடுவது மெல்லிய குழாய்களில். அந்தக் குழாய்கள் நரம்புகளை ஒட்டி, தண்டு வழியாக வேர் வரை போகின்றன. தண்டைக் கிள்ளிக் குப்பையில் போடுகிறவர்கள் மணத்தில் ஒரு நல்ல பங்கைப் போடுகிறார்கள். தண்டைப் பொடியாக நறுக்கி ரசம் நுரைக்கும்போது போடுங்கள், இலையை இறக்கிய பிறகு போடுங்கள். கோடையில் ஒரே கட்டு இரண்டு வேளைக்கு வரும்.

கொத்தமல்லி இலையின் மணப்பொருட்கள் 'ஆல்டிஹைடு' என்ற வகையைச் சேர்ந்தவை. மணத்தைத் தவிர அவற்றைப் பற்றி நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவை நிலையில்லாதவை. சூடும் காற்றும் பட்டால் சீக்கிரம் வேறு ஏதோ ஆகிவிடும். சிலருக்குக் கொத்தமல்லி சோப்பு போல நாறுவதும் இந்த ஆல்டிஹைடுகளால்தான். சோப்பிலும் இந்த வகைப் பொருட்கள் உண்டு. மணம் அறியும் மரபணு ஒன்றில் உள்ள வேறுபாட்டுக்கும் இதற்கும் தொடர்பிருப்பதை 2012-ல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே வீட்டில் யாராவது மல்லியைப் பொறுக்கி ஒதுக்கினால் திமிர் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்குத் துவையலாக அரைத்துக் கொடுத்துப் பாருங்கள். அரைக்கும்போது வெளிப்படும் நொதிகள் அந்த வாடையைக் குறைத்துவிடும்.

'நொதி' என்ற சொல் வந்துவிட்டது. உயிருள்ள செல்லுக்குள் வேதிமாற்றங்களை வேகப்படுத்தும் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் நொதி ஓர் அறையில், அது வேலை செய்ய வேண்டிய பொருள் இன்னோர் அறையில். கத்தி பட்டால் சுவர் இடிந்து இரண்டும் சந்திக்கும்.

வெள்ளரிக்காயின் மணம் முழுக்க இந்தச் சந்திப்பில் பிறப்பது. முழுக்காயை முகர்ந்தால் ஒன்றும் பெரிதாக இருக்காது. நறுக்கிய சில நொடிகளில் அந்தப் பச்சை வாசம் கிளம்பும், அதுவரை அது காயில் இருக்கவே இல்லை. பிறகு மங்கத் தொடங்கும். பஸ் நிலையத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்பவர் வாங்குபவரின் கண்முன்னே கீறி மிளகாய்ப்பொடி உப்பு தடவுகிறாரே, அதைவிடச் சரியான நேரம் கிடையாது. காலையிலேயே நறுக்கி உப்பும் போட்டு வைத்த பச்சடியில் மணமும் போய், உப்பு இழுத்த தண்ணீரில் தயிரும் நீர்த்துக் கிடக்கும். கூட்டுக்கு வேகவைத்த வெள்ளரியில் அந்த மணமே வராது. சூடு பட்டதும் நொதி செயலிழந்துவிடுகிறது.

சுருக்கிச் சொன்னால்: புதினாவைத் தட்டு, கறிவேப்பிலையை நசுக்கு, கொத்தமல்லியைக் கடைசியில் நறுக்கு, வெள்ளரியைத் தட்டு போட்ட பிறகு வெட்டு.

எண்ணெய் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் விட்டுவிடும்

மணம் சூட்டில் பறக்கும் என்றால் கறிவேப்பிலையை ஏன் கொதிக்கும் எண்ணெயில் போடுகிறோம்? நியாயமான சந்தேகம்.

ஊறுகாய் பரணியைத் தண்ணீரால் மட்டும் கழுவிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். எண்ணெய் எண்ணெயோடுதான் சேரும். வாசனை எண்ணெய்க்குத் தண்ணீர் பிடிக்காது, அங்கே இடமில்லாமல் காற்றுக்குத் தாவும். சமையல் எண்ணெயில் சுகமாகக் கரைந்து உட்கார்ந்துகொள்ளும். தாளிக்கும்போது கொஞ்சம் பறப்பது உண்மை, அடுப்படியே மணக்கிறதே. ஆனால் கணிசமான பகுதி எண்ணெயில் இறங்கிவிடுகிறது. அந்த எண்ணெய் சாம்பார் மேல் மிதந்து, ஒவ்வொரு கரண்டியிலும் கொஞ்சம் வந்து, வாய்ச் சூட்டில் மணத்தை விடுகிறது. சூட்டில் புதிய மணங்களும் சில பிறக்கின்றன. பச்சைக் கறிவேப்பிலையும் பொரிந்த கறிவேப்பிலையும் ஒரே மாதிரி மணப்பதில்லை.

வேலை முடிந்ததும் ஒதுக்கப்படுகிறவர்கள், "என்னைக் கறிவேப்பிலையாக்கிவிட்டார்கள்" என்று வருந்துவார்கள். தாளிப்பில் போட்டுத் தட்டோரம் ஒதுக்கப்பட்ட இலையைப் பொறுத்தவரை, மணம் எண்ணெய்க்குப் போய்விட்டது என்பது சரிதான். இலையிலுள்ள நார்ச்சத்தும் மற்றவையும் அங்கேயே இருக்கின்றன. தின்றுவிடலாம்.

புதினாத் துவையலில் இந்த இரண்டு பாடமும் சேர்ந்து வரும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் இலை சுருளும் வரை மட்டும் வதக்குங்கள், ஒரு நிமிடம்கூட வேண்டாம். நொதி அடங்கும், எண்ணெய் மணத்தைப் பிடித்துக்கொள்ளும். கொத்தமல்லித் துவையலுக்கு மல்லியை வதக்காதீர்கள். மிளகாய், பருப்பு, தேங்காயை மட்டும் வறுத்து ஆறவைத்து, மல்லியைப் பச்சையாகச் சேர்த்து, குளிர்ந்த தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு அரையுங்கள். மிக்ஸி ஓட ஓடச் சூடாகும். ஜாடியைத் திறக்கும்போது ஆவி அடித்தால், மணம் போகிறது என்று பொருள்.

கற்பூரவல்லி பஜ்ஜி இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமான பண்டம். கடலைமாவு இலையைச் சுற்றி மூடி போல இறுகிவிடுகிறது. ஓமத்தில் இருக்கும் அதே வகை மணப்பொருட்கள்தான் அந்த இலையிலும், ஓமவல்லி என்ற பெயர் அதனால்தான். கடிக்கும்போது உள்ளே அடைபட்டிருந்தது மொத்தமாக மூக்குக்கு ஏறும்.

புதினா குளிர்ச்சியா?

கோடை வந்தால் எல்லோரும் சொல்வது. புதினா மிட்டாயைச் சப்பிவிட்டு மூச்சை இழுத்தால் ஜில்லென்று இருக்கிறது, ஆனால் தெர்மாமீட்டர் வைத்தால் வாயின் சூடு குறைந்திருக்காது. நாக்கிலும் தோலிலும் குளிரை உணரும் வாங்கிகள் இருக்கின்றன. மெந்தால் என்ற பொருள் அதே வாங்கிகளைத் தட்டி எழுப்பிவிடுகிறது. மூளைக்குக் 'குளிர்' என்றே செய்தி போகிறது. டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படாபூட்டியனும் 2002-ல் தனித்தனியாக இந்த வாங்கியைக் கண்டறிந்தார்கள். வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் வாங்கிகள் பற்றிய பணிக்காக இருவருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. மிளகாய் சூடாக எரிவதும் இதே போன்ற ஏமாற்று வேலைதான், வாங்கி மட்டும் வேறு.

இன்னொரு விஷயம், மிட்டாயில் இருக்கும் மெந்தால் பாராபங்கியில் வளரும் வகைப் புதினாவிலிருந்து வருவது. நம் அடுப்படிப் புதினா பெரும்பாலும் வேறு வகை, அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன். அதில் மணம் உண்டு, ஜில்லிப்பு குறைவு. இந்தக் கார்வோனுக்கு, வலது கைக்கு இடது கை போல, ஒரு கண்ணாடிப் பிம்பமும் இயற்கையில் உண்டு. அது மணப்பது சதகுப்பையாக.

நீர்மோரில் எல்லாம் ஒன்றாக

ஒரு கப் புளிக்காத தயிருக்கு மூன்று கப் தண்ணீர் விட்டுக் கடைந்து இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் பத்துக் கறிவேப்பிலையை உருவி அப்படியே போடுங்கள். மற்றதில் அதே பத்து இலையைக் கல்லுரலில் ஒரு துண்டு இஞ்சியோடு நசுக்கிப் போடுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். முதல் டம்ளர் பார்க்க அழகாக இருக்கும், மோர் மட்டும் மணக்கும். இரண்டாவதை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே தெரிந்துவிடும்.

இரண்டாவதில் உப்பைப் போடும் முன் ஒருமுறை, போட்டுக் கலக்கிய பின் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மணப்பொருட்களுக்கு இடம் இன்னும் குறைகிறது. அவை மேலே தள்ளப்படுகின்றன. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பதில் மூக்குக்கும் பங்கு உண்டு.

அடுத்து, அதில் பாதியை ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரில் எதுவும் சோம்பலாகத்தான் பறக்கும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் அதே மோர் மந்தமாக இருக்கும், விழுங்கிய பிறகே மெல்ல மணம் ஏறும். மண்பானை அந்த அளவுக்குக் குளிர்விக்காது. பானையின் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிச் சூட்டைக் குறைக்கிறது, தொண்டைக்கு இதமான அளவோடு நிற்கிறது. பானை மோர் மணக்கிறது என்று சொல்பவர்கள் பழமைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் மோர்தான் வேண்டுமென்றால் இலையை ஒன்றரை மடங்காக்குங்கள்.

நசுக்குவது நல்லதென்று தெரிந்த புதிதில் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விருந்துக்கு நாற்பது பேருக்கான மோரில் கறிவேப்பிலை, மல்லி, புதினா எல்லாவற்றையும் காலை ஏழு மணிக்கே மிக்ஸியில் நைய அடித்துக் கலந்து வைத்தேன். அந்த நேரத்தில் வீடே மணத்தது, உச்சி குளிர்ந்தது. மதியம் ஒரு மணிக்குப் பரிமாறியபோது நொதிகள் ஆறு மணி நேரம் வேலை பார்த்து முடித்திருந்தன. மோர் கரும்பச்சையாக இருந்தது. முதல் டம்ளரை வாங்கிக் குடித்த பெரியவர் ஒருவர் என்னை மெதுவாக அருகில் கூப்பிட்டு, "தம்பி, கீரை கடைந்த பாத்திரத்தைக் கழுவாமல் மோர் ஊற்றிவிட்டார்களா, பாருங்கள்" என்றார்.